மலை ஊர்ல ஊத்துத் தண்ணிய பாதுகாக்குறது எப்படி: நீலகிரி பழங்குடி ஊர்களுக்கான முழு வழிகாட்டி

நீலகிரில இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்கள் பலதுக்கும், தோடர் மந்து, கோத்தர் கோக்கால் (அவங்கவங்க ஊரை அப்படித்தான் சொல்லுவாங்க) சிலதுக்கும் இன்னைக்கும் குடிதண்ணி மலைச்சரிவுல கசியற ஊத்துதான். கோடைல அது நூலா இறங்குது, மழைல கலங்குது, குடிச்சவங்களுக்கு வயித்தால போகுது. உடனே யாராவது ரெண்டு லோடு ஜல்லியும் பத்து மூட்டை சிமென்ட்டும் கொண்டுவந்து ஒரு தொட்டி கட்டிடுறாங்க, அடுத்த ஏப்ரல்ல தொட்டி காஞ்சு கிடக்கு, தண்ணி பத்தடி தள்ளி வேற இடத்துல வந்துட்டிருக்கு. வேலைய செஞ்ச வரிசைதான் தப்பு. சிமென்ட் கடைசில வர்ற ஐட்டம். ஊர் பசங்க, பஞ்சாயத்து ஆளுங்க, புதுசா களத்துக்கு வர்ற வாலண்டியருங்க எல்லாருக்கும் சேர்த்து வரிசைப்படி எழுதுறேன்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

அளவு தெரிஞ்ச 10 லிட்டர் பக்கெட், ஸ்டாப்வாட்ச் இருக்குற போன், ஒரு நோட்டு, எச்2எஸ் டெஸ்ட் பாட்டில் (தண்ணில மலக்கழிவு கலந்திருக்கான்னு பாக்குறது) கொஞ்சம், குளோரின் பாக்குற சின்ன கிட், நீள டேப், அப்புறம் லெவல் பாக்க தண்ணி நிரப்புன டிரான்ஸ்பரன்ட் டியூப். மொத்த செலவுல இது ஒரு ஓரத்துக்கு வராது, ஆனா இது இல்லாம கட்டுன தொட்டிதான் நான் பாத்ததுல நிறைய.

இதை விட முக்கியம் நேரம். ஒரு முழு வருஷத்துக்கு மேலயே ஒதுக்குங்க. ஒரு வருஷம் அளக்கணும், அடுத்த வருஷம் பிப்ரவரி மார்ச்ல கட்டணும். ஃபண்ட் மார்ச் 31க்குள்ள முடிக்கணும்னு அவசரப்படுத்துவாங்க, அந்த அவசரத்துக்கு ஊத்து கட்டுப்படாது.

2. எந்த ஊத்து, யார் ஊத்துன்னு ஊரோட உக்காந்து முடிவு பண்ணுங்க

ஊத்து சும்மா கிடக்குற மாதிரி தெரியும், ஆனா அதுக்கு சொந்தமும் முறையும் இருக்கும். தோடர் மந்துல பால்கோயிலுக்குன்னு (எருமைப்பாலை வச்சு நடக்குற கோயில்) தனி தண்ணி உண்டு, அதை வீட்டுக்கு எடுக்க மாட்டாங்க. சில ஊர்ல ஊத்துக்கண்ணு சாமி இருக்குற சோலைக்குள்ள இருக்கும். அந்த இடத்துல கடப்பாறை போடலாமா, செருப்போட போலாமா, யார் முதல் மண்ணை எடுக்கணும், இதெல்லாம் பெரியவங்க சொல்றபடிதான். நாம கேக்காம ஆரம்பிச்சா வேலை நிக்கும், நியாயமாவே நிக்கும்.

பொம்பளைங்கள தனியா உக்காரவச்சு கேளுங்க. தண்ணி சுமக்குறது அவங்க. எந்த மாசம் எந்த ஊத்து வத்தும், எது எப்பவும் வத்தாது, எதுல மழைக்கு அப்புறம் செம்மண் வரும்னு மாசவாரியா சொல்லுவாங்க. ஆம்பளைங்க மட்டும் இருக்குற கூட்டத்துல ரோட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஊத்தைத்தான் காட்டுவாங்க, லோடு இறக்க ஈஸின்னு.

கீழ இருக்குற ஊரையும் கூப்பிடுங்க. மேல நாம மறிச்சா கீழ அவங்களுக்கு குறையும். இந்தப் பேச்சை கட்டுனதுக்கு அப்புறம் பேசுனா பைப்தான் வெட்டுப்படும்.

3. பக்கெட் வச்சு அளங்க, வாரம் ஒரு தடவை

ஊத்து ஓடுற இடத்துல ஒரு வாழைமட்டையோ பைப் துண்டோ வச்சு எல்லா தண்ணியும் அது வழியா விழற மாதிரி பண்ணுங்க. ஓரத்துல கசியறதை களிமண்ணால அடைங்க. பக்கெட் நிரம்ப எத்தனை செகண்ட்னு மூணு தடவை பாத்து சராசரி எழுதுங்க.

கணக்கு இப்படி. 10 லிட்டர் நிரம்ப 150 செகண்ட் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 4 லிட்டர், ஒரு நாளைக்கு 5,760 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய்த்தண்ணி குடுக்குற மத்திய அரசோட ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்னு வச்சிருக்காங்க. ஊர்ல 100 பேர்னா 5,500 லிட்டர் வேணும். அதாவது இந்த ஊத்து அந்த ஊருக்கு நூல் பிடிச்ச மாதிரி பத்தும், ஒரு ரப்பர் வாசர் ஒழுகுனா பத்தாது.

எந்த மாச அளவை எடுத்துக்கணும்ங்குறதுலதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க. டிசம்பர்ல அளந்துட்டு ஆஹா ஓஹோன்னு எஸ்டிமேட் போடுவாங்க. நீங்க எடுக்க வேண்டியது வருஷத்துலயே குறைஞ்ச அளவு. கூடலூர் பந்தலூர் பக்கம் அது பெரும்பாலும் மார்ச்ல இருந்து மே வரைக்கும், ஜூன்ல தென்மேற்கு மழை வந்ததும் ஏறிடும். கோத்தகிரி கிழக்குச் சரிவுல அந்த மழை சரியா எட்டாது, அங்க வடகிழக்குப் பருவமழைதான் சோறு போடுது, அதனால ஆகஸ்ட் செப்டம்பர்ல கூட ஊத்து இளைச்சே இருக்கும். ஒரே மாவட்டம்தான், ஆனா ஒரு ஊர்க் கணக்கை இன்னொரு ஊருக்கு தூக்கிட்டுப் போகாதீங்க.

நோட்டுல மழையையும் எழுதுங்க, பக்கத்து எஸ்டேட்ல மழைமானி இருந்தா கேட்டு எழுதலாம். மழை பெஞ்ச சில மணி நேரத்துலயே தண்ணி பொங்கி கலங்குதுன்னா அது ஆழத்துல இருந்து வர்ற ஊத்து இல்ல, மேல ஓடுற தண்ணி பக்கத்துல எங்கயோ உள்ள இறங்கி இங்க வெளிய வருது. அதை எவ்வளவு அழகா பெட்டி கட்டி மூடுனாலும் சுத்தமாகாது, வேற ஊத்து பாருங்க.

4. ஊத்துக்கு மேல நடந்து பாருங்க

கீழ நின்னு பாத்தா தண்ணி கண்ணாடியா இருக்கும். மேல ஏறுங்க, கொறஞ்சது நூறு மீட்டர். கழிப்பறைக் குழி இருக்கா, மாட்டுக்கொட்டாய் இருக்கா, குப்பை கொட்டுறாங்களா, கேரட் உருளைத் தோட்டமோ தேயிலையோ இருக்கா, காட்டெருமை படுக்குற இடமா, எல்லாத்தையும் கைல ஒரு படம் வரைஞ்சு குறிங்க.

கழிப்பறைக் குழிக்கும் ஊத்துக்கும் 30 மீட்டராவது தள்ளி இருக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா மலைல தூரத்தை விட திசை முக்கியம். குழி ஊத்துக்கு மேல இருந்தா 30 மீட்டரை நம்பாதீங்க, பாறை வெடிப்பு வழியா தண்ணி எவ்வளவு தூரமும் வரும். திட்டத்துல கழிப்பறை கட்டும்போது ரோடு ஓரமா மேட்டுல கட்டிட்டு அதோட அசிங்கம் கீழ ஊத்துக்கு வர்றது நிஜமா நடக்குது. ரெண்டு திட்டம், ரெண்டு டிபார்ட்மென்ட், ஒருத்தர் படத்தை ஒருத்தர் பாக்கல, அவ்வளவுதான்.

மேல தோட்டம் இருந்தா மருந்து எப்ப அடிக்கிறாங்க, டப்பாவ எங்க கழுவுறாங்கன்னு கேளுங்க. பூச்சிமருந்து சாதாரண டெஸ்ட்ல தெரியாது, கொதிக்க வச்சாலும் போகாது, குளோரினும் ஒண்ணும் பண்ணாது. அந்த ஊத்தை விடுறதுதான் என் முடிவு, வேற வழியே இல்லன்னா ஒழிய.

5. தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, ரெண்டு சீசன்லயும்

எச்2எஸ் பாட்டில்ல கோடு வரைக்கும் தண்ணி புடிச்சு மூடி வைங்க. ஒரு நாள் ரெண்டு நாள்ல கருப்பாச்சுன்னா பெரும்பாலும் மலக்கழிவு கலந்திருக்குன்னு அர்த்தம். இந்த டெஸ்ட்டுக்கு 30ல இருந்து 37 டிகிரி சூடு வேணும். ஊட்டி, கோத்தகிரி குளிர்ல ஜன்னல் ஓரமா வச்சுட்டு "கருக்கல, சுத்தமா இருக்கு"ன்னு சொல்றது பெரிய ஏமாத்து வேலை. சட்டை உள்பாக்கெட்ல உடம்பு சூட்டோட வச்சுக்கோங்க, ராத்திரி படுக்கைல போர்வைக்குள்ள வைங்க. கூடவே நல்லா கொதிக்க வச்சு ஆறுன தண்ணி ஒரு பாட்டில்ல, ஓடைத்தண்ணி ஒரு பாட்டில்ல வச்சா டெஸ்ட் ஒழுங்கா வேலை செய்யுதான்னும் தெரிஞ்சுடும். ஓடைத்தண்ணியே கருக்கலன்னா உங்க பாட்டில் பழசு, இல்ல சூடு பத்தல.

லேபுக்கு அனுப்புறதும் அவசியம், குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட லேப் இருக்கு. கிருமி டெஸ்ட்டுக்கு அவங்க குடுக்குற ஸ்டெரைல் பாட்டில்லதான் எடுக்கணும், ஐஸ் பெட்டில வச்சு அதே நாள் சேர்க்கணும். கழுவுன மினரல் வாட்டர் பாட்டில்ல எடுத்துட்டுப் போனா ரிசல்ட் பாட்டிலோட ரிசல்ட்தான். இந்தியத் தர அளவுப்படி 100 மில்லில ஈ.கோலி (மலத்துல இருந்து வர்ற கிருமி) இருக்கவே கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. நைட்ரேட் அதிகமா இருந்தா மேல உரமோ கழிவோ இறங்குதுன்னு சந்தேகப்படுங்க, நாலாவது ஸ்டெப்ல வரைஞ்ச படத்தை எடுத்துப் பாருங்க.

ஒரு தடவை கோடைல, ஒரு தடவை முதல் பெருமழை முடிஞ்சு. மழைக்கு அப்புறம் வர்ற ரிசல்ட்தான் உண்மைய பேசும்.

6. பேப்பர் வேலை, இதை விட்டுட்டா கட்டுனதை இடிப்பாங்க

ஊத்து வன நிலத்துல இருந்தா வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) உங்களுக்கு உதவும். குடிதண்ணி, பைப்லைன், சின்ன நீர்நிலை மாதிரி வசதிகளுக்கு ஒவ்வொண்ணுக்கும் 1 ஹெக்டேருக்கு குறைவான வன நிலத்தை தரலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, கிராமசபை பரிந்துரை கட்டாயம். விண்ணப்பம் ரேஞ்சர் வழியா மாவட்ட வன அலுவலருக்குப் போகும்.

இங்க கிராமசபைன்னா பஞ்சாயத்து கூட்டுற பெரிய கிராமசபைன்னு நினைச்சு ஜனவரி 26க்கும் மே 1க்கும் காத்திருப்பாங்க. வன உரிமைச் சட்டத்துல அது குடியிருப்பு அளவுல கூடுற சபை, உறுப்பினர்கள்ல பாதிப் பேராவது வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். தீர்மானத்துல ஊத்து பேரு, சர்வே நம்பர், பைப் போற வழி மூணையும் எழுதுங்க. "குடிநீர் வசதி வேண்டும்"னு மொட்டையா எழுதுனா ஃபைல் திரும்பி வரும்.

7. கண்ணைத் தேடித் தோண்டுறது

பிப்ரவரி மார்ச்ல பண்ணுங்க. மழைல மொத்தச் சரிவும் கசியும், எது உண்மையான கண்ணுன்னு தெரியாது.

தண்ணி வெளிய தெரியற இடத்துல இருந்து மலைய நோக்கி மெதுவா மண்ணை எடுத்துட்டே போங்க. கொஞ்சம் கொஞ்சமா கசிவு ஒண்ணு சேர்ந்து பாறைலயோ கெட்டி களிமண்ணு மேலயோ ஒரே இடமா வரும். அதான் கண்ணு. அங்க நிறுத்துங்க. அடில இருக்குற களிமண்ணைக் குத்தி ஓட்டை போட்டுட்டா தண்ணி கீழ இறங்கிப் போயிடும், இன்னும் ஒரு அடி தோண்டுனா இன்னும் நிறைய வரும்னு கொத்தனார் சொல்லுவாரு, கேக்காதீங்க. வெடி வைக்கிறது பத்தி பேச்சே வேண்டாம். பெரிய மரத்து வேரை வெட்டாதீங்க, சரிவைப் பிடிச்சு வச்சிருக்கறதே அதுதான்.

அடுத்து, கண்ணு இருக்குற மட்டத்தை டியூப் லெவல் வச்சு ஒரு குச்சில குறிச்சு வைங்க. எட்டாவது ஸ்டெப் முழுக்க இந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கு.

8. ஊத்துப்பெட்டி

பெட்டியோட வேலை தண்ணிய சேத்து வைக்கிறது இல்ல, கண்ணை மூடி காப்பாத்துறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் போதும். சேத்து வைக்க கீழ தனி டேங்க்.

மலைப்பக்கச் சுவரை சாந்து போடாம கருங்கல் அடுக்கிக் கட்டுங்க, தண்ணி அது வழியா உள்ள வரணும். அந்தச் சுவருக்கும் கண்ணுக்கும் நடுவுல கழுவுன கூழாங்கல்லும் ஜல்லியும். ஜல்லிக்கு மேல ஒரு கைப்பிடி ஆழத்துக்கு மிதிச்ச களிமண், அதுக்கு மேல சாதா மண், புல். களிமண் போடாம விட்டா மழைத்தண்ணி நேரா ஜல்லிக்குள்ள இறங்கும், அப்ப பெட்டி கட்டியும் ஒண்ணுதான் கட்டாமலும் ஒண்ணுதான். மத்த மூணு சுவரும் சிமென்ட், பூச்சு.

பைப் மூணு. வீட்டுக்குப் போற பைப் தரைல இருந்து 10 சென்டிமீட்டர் மேல, முனைல சல்லடை, அடி வண்டல் போகாம இருக்க. வாஷ்அவுட் பைப் தரையோட தரையா, கழுவிவிட. மூணாவது ஓவர்ஃப்ளோ, மிஞ்சுற தண்ணி வழிஞ்சு போக, இது நீங்க குறிச்ச கண்ணு மட்டத்துக்குக் கீழ இருக்கணும், கொஞ்சமாவது கீழ. மேல வச்சா பெட்டில நிக்கிற தண்ணி கண்ணையே திருப்பித் தள்ளும், ஊத்து வேற பக்கம் வழி கண்டுபிடிச்சுப் போயிடும். ஆரம்பத்துல சொன்ன காஞ்ச தொட்டியோட கதை இதுதான்.

ஓவர்ஃப்ளோ பைப் சைஸை கோடை அளவு பாத்து வாங்காதீங்க. 2019 ஆகஸ்ட்ல ஊட்டி பக்கத்துல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை பெஞ்சது. அப்படி ஒரு நாள் வந்தா ஊத்து எப்படி பொங்கும்னு யோசிச்சு 3 இஞ்ச், முடிஞ்சா 4 இஞ்ச் போடுங்க. கோடை அளவு எத்தனை பேருக்குப் பத்தும்னு சொல்லும், மழை அளவுதான் பெட்டி நிக்குமா போகுமான்னு சொல்லும். முனைல வலை கட்டுங்க, இல்லன்னா தவளை, எலி எல்லாம் உள்ள குடியேறிடும்.

மூடி பெட்டி விளிம்பை விட வெளிய தள்ளி, கவுத்துன மாதிரி இருக்கணும், பூட்டு இருக்கணும். பெட்டிக்கு மேல 8, 10 மீட்டர் தள்ளி அரைவட்டமா ஒரு வாய்க்கால் வெட்டுங்க, சரிவுல வர்ற மழைத்தண்ணி பெட்டிக்கு வராம ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போகட்டும். இந்த வாய்க்காலைத்தான் எல்லாரும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடுறாங்க, மழைக்கால வயித்தால போக்குல பாதி அங்கதான் ஆரம்பிக்குது.

9. டேங்க், பைப், யானை

முன்ன பாத்த அதே நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஊத்துன்னா ராத்திரி 10 மணி நேரத்துல 2,400 லிட்டர் வரும். அது வீணாகாம இருக்க 3,000 லிட்டர் டேங்க் சரியா இருக்கும். நிரம்புனா தண்ணி மட்டும் 3 டன் கனம். அதை வெட்டி எடுத்த சரிவு விளிம்புல வைக்காதீங்க, கெட்டித் தரைல வைங்க, ஓவர்ஃப்ளோ தண்ணிய பைப் போட்டு ஓடைக்கே விடுங்க. டேங்க் அடில வழிய விட்டா மண்ணு ஊறி சரியும்.

பைப் ஹெச்டிபிஇ (வளையற கருப்பு பிளாஸ்டிக்) வாங்குங்க, பிவிசி வெயில்ல மொறுமொறுன்னு ஆகி உடையும். ரெண்டடி ஆழம் புதைங்க. காட்டுப்பன்னி கிண்டும், யானை மேல மிதிச்சா மேலோட்டமா இருக்குற பைப் தாங்காது. மேல ஏறி இறங்குற மேடு இருந்தா அங்க காத்து அடைச்சுக்கும், தண்ணி வராது, ஊத்தே செத்துப்போச்சுன்னு ஊர்ல பேச்சு கிளம்பும். ஒரே இறக்கமா போடுங்க, முடியலன்னா மேட்டு உச்சில ஏர் வால்வ். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் 1 கிலோ பிரஷர் ஏறும். 6 கிலோ பிரஷர் தாங்குற பைப்னா 60 மீட்டர் இறக்கம்தான் எல்லை, அதுக்கு முன்னாடியே நடுவுல ஒரு சின்ன தொட்டி வச்சு பிரஷரை உடைங்க.

முழுத் தண்ணியையும் பைப்புக்குள்ள அடைக்காதீங்க. காட்டுல யானைக்கும் காட்டெருமைக்கும் அது தண்ணித்தொறை, நீங்க மூடுனா அதுங்க மூடியையே பிரிச்சுடும். ஓவர்ஃப்ளோவ பெட்டில இருந்து தள்ளி கீழ ஒரு பள்ளத்துல தேங்க விடுங்க. இது தர்மத்துக்காக மட்டும் சொல்லல, பெட்டி பொழைக்கணும்னாலும் இதான் வழி.

10. கழுவறது, குளோரின்

கட்டி முடிச்சதும் முதல் தண்ணிய குடிக்கக் கூடாது. சிமென்ட் ஆறுனதும் தேய்ச்சுக் கழுவி, 3,000 லிட்டர் டேங்க்குக்கு அரை கிலோ கிட்ட நல்ல பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க. காலைல அதை ஓடைல திறந்து விட்டா மீனும் தவளையும் சாகும், காஞ்ச மண்ணுல கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.

தினசரிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கிட்ட. பவுடரைக் கரைச்சு, தெளிஞ்ச மேல் தண்ணிய மட்டும் ஊத்துங்க. அரை மணி நேரம் கழிச்சு கடைசி குழாய்ல கிட் வச்சுப் பாத்தா லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் காட்டணும். காட்டலன்னா பவுடர் பழசு, திறந்து வச்ச மூட்டைல காரம் போயிடும். தண்ணி கலங்கியிருந்தா குளோரின் மண்ணுக்கே செலவாகிடும், தெளிய விட்டுட்டுத்தான் போடணும்.

வாடை அடிச்சா ஊர்ல குடிக்க மாட்டாங்க, மறுபடி ஓடைக்கே போவாங்க. அதைத் திட்டிப் புண்ணியம் இல்ல. சாயங்காலம் போடுங்க, காலைல வாடை குறைஞ்சிருக்கும். ஒரேயடியா வேண்டாம்னா கொதிக்க வைக்கச் சொல்லுங்க, தளதளன்னு ஒரு நிமிஷம். 2,000 மீட்டருக்கு மேல இருக்குற ஊட்டி பக்கத்து ஊர்கள்ல மூணு நிமிஷம், உயரத்துல தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும்.

11. மேட்டைப் பாத்துக்குறது

ஊத்து குறையுதுன்னா பெட்டில தேடாதீங்க, மேல என்ன மாறிச்சுன்னு பாருங்க. ஊட்டி பக்கத்துல கிளென்மார்கன்ல புல்வெளில நீலகிரித் தைலமரம் நட்டு அளந்ததுல, முதல் 10 வருஷத்துல அந்த நீர்ப்பிடிப்புல இருந்து வர்ற தண்ணி 16 சதவீதம் குறைஞ்சது. அதனால ஊத்துக்கு மேல "மரம் நடுவிழா"ன்னு தைலமரமோ சீகை மரமோ வச்சுட்டு போட்டோ எடுக்க வந்தா தடுங்க. புல்வெளிய புல்லா விடுங்க, சோலை ஓரம்னா சோலை மரக்கன்னு.

மழைநீர் மண்ணுக்குள்ள இறங்க டிரெஞ்ச் (நீளப் பள்ளம்) வெட்டலாம், ஆனா செங்குத்துச் சரிவுலயும் மண்சரிவு நடந்த இடத்துலயும் வேண்டவே வேண்டாம். சமவெளி திட்டப் புத்தகத்தை மலைக்குத் தூக்கிட்டு வந்து நீளநீளமா டிரெஞ்ச் வெட்டி, அடை மழைல தண்ணி உள்ள இறங்கி சரிவே கீழ வந்தா ஊத்து இல்ல, ஊரே இருக்காது. சந்தேகம்னா வெட்டாதீங்க.

12. சாவி, நோட்டு, வருஷ வேலை

சாவி தண்ணி எடுக்குற பொம்பளைங்க கைல இருக்கட்டும், ரெண்டு பேர்கிட்ட ஒவ்வொண்ணு. வேலைக்கு எஸ்டேட்டுக்குப் போறவர்கிட்ட சாவி இருந்தா பெட்டி கழுவ ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும். ஜல் ஜீவன்ல ஊருக்கு 5 பெண்களுக்கு தண்ணி டெஸ்ட் கிட் பயிற்சி குடுக்கணும், உங்க ஊர்ல யாருக்குக் குடுத்தாங்கன்னு பஞ்சாயத்துல கேளுங்க, அவங்களையே இதுக்கும் சேர்த்துக்கோங்க.

நோட்டுல அளவோட பக்கத்துலயே அந்த வாரம் எத்தனை பேருக்கு வயித்தால போச்சுன்னும் எழுதுங்க, அங்கன்வாடி டீச்சரும் கிராம செவிலியரும் சொல்லுவாங்க. கலங்குன வாரமும் குழந்தைங்க படுத்த வாரமும் ஒண்ணா வந்தா மேல் வாய்க்கால் அடைஞ்சிருக்கும், முதல்ல அங்க போய்ப் பாருங்க.

மழை சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி பெட்டி கழுவி, வாய்க்கால் தூர் வாரி, வலை மாத்தணும். முதல் பெருமழை விட்டதும் ஒரு டெஸ்ட். வாசர், ரெண்டு ஜாயின்ட், ஒரு வால்வ், கொஞ்சம் பைப் துண்டு, ஒரு மூட்டை புது பிளீச்சிங் பவுடர் இதையெல்லாம் முன்கூட்டியே ஊர்ல ஒரு வீட்டுல வாங்கி வச்சிடுங்க, பைப் உடையற நாளும் மண்ணு சரிஞ்சு டவுனுக்குப் போற ரோடு மூடுற நாளும் பெரும்பாலும் ஒரே நாளாத்தான் இருக்கும்.